எஸ்தர் லீச்சும் 'ஹேண்ட்ஸம் ஹஸ்பண்ட்'டும்: 1843 கல்கத்தா மேடையில அன்னிக்கு நடந்தது எந்த நாடகம்?

நீங்க கேட்டது இது. கல்கத்தாவுல 1843ல எஸ்தர் லீச்னு ஒரு நடிகை தீக்காயத்துல செத்துப்போனாங்க, ஒரு புத்தகத்துல அது 'மெர்ச்சன்ட் ஆஃப் வெனிஸ்' நடந்த அன்னிக்குன்னு போட்டிருக்கு, இன்னொண்ணுல 'ஹேண்ட்ஸம் ஹஸ்பண்ட்'னு யாருமே கேள்விப்படாத ஒரு நாடகத்தோட பேர் இருக்கு, ரெண்டுல எது சரி, அந்தச் சின்ன நாடகம் இந்தியா வரைக்கும் எப்படி வந்துச்சு, அதை இப்ப உங்க காலேஜ் டிராமா கிளப்ல போடலாமா. பதில் ஒரு வரியில சொல்லணும்னா ரெண்டுமே சரி, ரெண்டும் ஒரே ராத்திரி ஒரே மேடையில ஒண்ணுக்கப்புறம் ஒண்ணா நடந்தது. ஆனா நீங்க உண்மையிலயே கேக்குறது ஷேக்ஸ்பியர் முடிஞ்சப்புறம் எதுக்கு இன்னொரு குட்டி நாடகம்ங்கறதுதான்னு எனக்குப் படுது, அதுக்குத்தான் கொஞ்சம் விரிவா பதில் தேவை. நான் நாடக வரலாறு பாடம் எடுத்துட்டு இருந்தவன், அதோட வருஷக்கணக்கா மேடைக்கு லைட்டிங் பண்ணவன், அதனால லைட் சம்பந்தமா நான் சொல்றதை கொஞ்சம் நம்பிக்கையோட எடுத்துக்கலாம். சட்டம் சம்பந்தமா சொல்றது படிச்சது மட்டும்தான்.

முதல்ல நாடகம். 'எ ஹேண்ட்ஸம் ஹஸ்பண்ட்' ஒரே அங்கத்துல முடியுற காமெடி, புருஷன் பொண்டாட்டிக்குள்ள வரவேற்பறையில நடக்குற சமாச்சாரம், ராஜா ராணி போர் எதுவும் கிடையாது. எழுதினது எலிசா பிளாஞ்சே. இவங்க பேரைத் தேடினா பெரும்பாலும் இவங்க புருஷன் ஜேம்ஸ் ராபின்ஸன் பிளாஞ்சேதான் முன்னாடி வந்து நிப்பாரு, ஏன்னா அவரு அந்தக் காலத்துல பெரிய நாடக ஆசிரியர், மேடை உடைகளோட வரலாற்றுலயும் பெரிய ஆளு. ஆனா இந்த நாடகம் அவரோடது இல்ல, அந்தம்மாவோடது. 1830கள்ல அவங்க இந்த மாதிரி பல சின்ன நாடகங்கள் எழுதியிருக்காங்க, 1846ல இறந்துட்டாங்க. இது முதல்ல மேடையேறினது 1836ல, லண்டன் ஒலிம்பிக் தியேட்டர்ல. அந்த தியேட்டரை 1831லேர்ந்து நடத்திட்டு இருந்தது மேடம் வெஸ்ட்ரிஸ், பாட்டும் நடிப்புமா லண்டனையே கையில வெச்சிருந்த நடிகை, அந்த ஊர்ல ஒரு தியேட்டரைக் குத்தகைக்கு எடுத்து தானே நிர்வாகம் பண்ண பெண்கள்ல ரொம்ப முக்கியமானவங்க. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, ஏன்னா கல்கத்தாவுல இது நடந்த சான் சூசி தியேட்டரும் ஒரு பெண் கட்டி நடத்தினதுதான். எழுதினது பெண், லண்டன்ல மேடை கொடுத்தது பெண், கல்கத்தாவுல மேடை கொடுத்தது பெண். இந்த நாடகத்தைப் பத்திப் பேசுறவங்க தீவிபத்தைச் சொல்லிட்டு நகர்ந்துடுறாங்க, எனக்கு இந்த மூணு பேர்தான் இதுல பெரிய விஷயமா தெரியுது.

இப்ப ஏன் குட்டி நாடகம்ங்கறதுக்கு வர்றேன். அந்தக் காலத்து இங்கிலீஷ் தியேட்டர்ல ஒரு ராத்திரிக்கு ஒரு நாடகம்ங்கற பழக்கமே கிடையாது. அஞ்சு அங்க நாடகம் ஒண்ணு, அது முடிஞ்சதும் கடைசியில ஒரு குட்டி காமெடி, சில சமயம் நடுவுல பாட்டு டான்ஸும் உண்டு, மொத்தமா நாலஞ்சு மணி நேரம் ஓடும். லண்டன்ல இதுக்கு ஒரு பணக் கணக்கும் இருந்துச்சு, பெரிய நாடகம் பாதிக்கு மேல போனப்புறம் வர்றவங்களுக்கு டிக்கெட் அரை விலை, கடையை சாத்திட்டு வர்றவங்க, ஆபீஸ் குமாஸ்தாக்கள் எல்லாம் அந்த நேரத்துக்குத்தான் வருவாங்க, அவங்களுக்கு முழுசா ஒண்ணு பார்த்த திருப்தி வேணும் இல்லையா, அதுக்குத்தான் இந்தக் கடைசி நாடகம். அதனால இதை யாரும் இலக்கியமா நினைச்சு எழுதல, ஆனா எழுத சுலபமும் இல்ல, முக்கால் மணி நேரத்துல ஆளை அறிமுகப்படுத்தி சிக்கல் போட்டு அவிழ்க்கணும், அதுவும் மூணு மணி நேரம் உக்காந்து களைச்சுப்போன கூட்டத்துக்கு முன்னாடி.

ஒலிம்பிக்குக்கு இன்னொரு காரணமும் இருந்துச்சு. லண்டன்ல கோவன்ட் கார்டன், ட்ரூரி லேன், கோடைக்கு ஹேமார்க்கெட், இந்த மூணு தியேட்டருக்கு மட்டும்தான் ஷேக்ஸ்பியர் மாதிரி பேசி நடிக்கிற முழு நாடகம் போட அரசு உரிமை. மத்த சின்ன தியேட்டர்கள் பாட்டு கலந்த லேசான நாடகங்களோட நின்னுக்கணும். வெஸ்ட்ரிஸ் அந்தத் தடையையே தனக்கு சாதகமா ஆக்கிட்டாங்க. சின்ன நாடகத்தை அழகா போட்டாங்க, மேடையில மூணு பக்கம் சுவர் வெச்ச நிஜ அறை, நிஜ கார்ப்பெட், நிஜ நாற்காலி, நடிகர்கள் தெருவுல போடுற அதே ஃபேஷன் துணி. 'ஹேண்ட்ஸம் ஹஸ்பண்ட்' இந்த மாதிரி வீட்டு அறைக்குன்னே எழுதின நாடகம். பெரிய தியேட்டர்களோட அந்த ஏகபோகம் சட்டப்படி ஒழிஞ்சது 1843 ஆகஸ்ட்ல. கல்கத்தாவுல அந்தத் தடை என்னிக்குமே இருந்ததில்ல, அதனாலதான் லண்டன்ல அவ்வளவு நாள் வேற வேற கூரைக்குக் கீழ இருந்த ஷேக்ஸ்பியரும் ஒலிம்பிக் காமெடியும் இங்க ஒரே போஸ்டர்ல சேர்ந்து வர முடிஞ்சது. அதே வருஷம் நவம்பர்ல எஸ்தர் லீச்சோட அந்த ராத்திரி.

கல்கத்தா மேடையோட பின்னணி கொஞ்சம் தெரிஞ்சா நல்லா இருக்கும். அங்க இங்கிலீஷ்காரங்க நாடகம் போட்டது 1756க்கு முன்னாடியே, லால் பஜார் பக்கம் ஒரு பிளேஹவுஸ் இருந்துச்சு. அப்புறம் 1775ல கல்கத்தா தியேட்டர், அதுக்கு லண்டன்ல இருந்து அந்தக் காலத்துப் பெரிய நடிகர் டேவிட் கேரிக்கே ஆள் அனுப்பி உதவி பண்ணாரு, இங்க இருந்த வியாபாரிங்க நன்றியா அவருக்கு மதீரா ஒயினும் அவரு மனைவிக்கு சின்ட்ஸ் துணியும் அனுப்பினாங்க, அந்தத் துணியை லண்டன் கஸ்டம்ஸ்காரன் பிடிச்சு வெச்சுக்கிட்டான், அது தனிக் கதை. அந்த ஆரம்ப காலத்துல பெண் வேஷத்தையும் ஆம்பளைங்கதான் போட்டாங்க. 1789ல எம்மா பிரிஸ்டோங்கற அம்மா சௌரங்கியில தன் வீட்டுலயே ஒரு மேடை போட்டு தானே நடிச்சதுலேர்ந்துதான் அது மாறுது. 1813ல சௌரங்கி தியேட்டர் வருது. ஊர்ப் பெரிய மனுஷங்க சந்தா போட்டு நடத்தினது, நடிக்கிறவங்களும் பெரும்பாலும் ஆபீசர்கள், வக்கீல்கள், பத்திரிகைக்காரங்க. அது கடன்ல மூழ்கினப்ப 1835ல துவாரகாநாத் தாகூர் வாங்கினாரு, ஆமா ரவீந்திரநாத்தோட தாத்தாதான். 1839 மே 31ல அது தீப்பிடிச்சு முழுசா அழிஞ்சது.

எஸ்தர் லீச் அந்த சௌரங்கி மேடையில வளர்ந்தவங்க. இங்கிலாந்துலேர்ந்து கப்பல்ல வந்த நடிகை இல்ல, மீரட்ல 1809ல ஒரு சிப்பாய்க்குப் பொறந்த பொண்ணு, ராணுவ முகாம்ல சிப்பாய்ங்க போடுற நாடகங்கள்லயே நடிப்பு கத்துக்கிட்டவங்க, ஒரு ராணுவக்காரரையே கல்யாணம் பண்ணிக்கிட்டவங்க. 1826ல சௌரங்கியில மேடையேறினாங்க. அதுக்கப்புறம் பதினேழு வருஷம் கல்கத்தா இங்கிலீஷ் மேடைன்னா அவங்கதான். லண்டன்ல சேரா சிடன்ஸ்ங்கற பெரிய நடிகைக்கு இருந்த பேரை வெச்சு இவங்களை இந்தியாவோட சிடன்ஸ்னு கூப்பிட்டாங்க. சௌரங்கி எரிஞ்சப்புறம் தானே இறங்கி ஒரு தியேட்டர் ஆரம்பிச்சாங்க, முதல்ல ஒரு தற்காலிக இடம், அப்புறம் பார்க் ஸ்ட்ரீட்ல புதுசா கட்டின கட்டடம், பேரு சான் சூசி. 'இங்கிலீஷ்மேன்' பத்திரிகை ஆசிரியர் ஸ்டாக்லர் கூட நின்னாரு, கவர்னர் ஜெனரல் ஆக்லண்டும் துவாரகாநாத்தும் பணம் கொடுத்தாங்க, 1841 மார்ச் 8 திறப்பு. இன்னிக்கு செயின்ட் சேவியர்ஸ் காலேஜ் நிக்கிற இடம்தான் அது, பார்க் ஸ்ட்ரீட் போனா பார்க்கலாம்.

இப்ப இந்த மேடைக்கு ஒரு நிர்வாகியா யோசிச்சுப் பாருங்க. ஊர்ல இங்கிலீஷ் தெரிஞ்ச கூட்டம் குறைவு, திரும்பத் திரும்ப அதே ஆளுங்கதான் வருவாங்க, ஒரு நாடகத்தை மாசக்கணக்கா ஓட்ட முடியாது, ஒவ்வொரு வாட்டியும் புதுசு வேணும். நல்ல நடிகைகள் விரல் விட்டு எண்ணுற அளவுதான். புது சீன் துணி எழுதினா செலவு. இந்த நிலைமையில ஒரு அறை, கொஞ்சம் ஆளுங்க, அன்றாடம் போடுற உடைன்னு இருக்கிற நாடகம் கிடைச்சா விடுவாங்களா. மேஜை நாற்காலி யார் வீட்டுலேர்ந்தாவது வந்துடும். ஸ்கிரிப்ட்டும் சுலபமா கிடைச்சது. லண்டன்ல ஓடின நாடகங்களை மலிவு விலை நடிப்புப் பதிப்பா போடுவாங்க, யாரு எந்தப் பக்கம் வரணும், எங்க நிக்கணும், என்ன கலர் கோட்டு, எல்லாம் அதுலயே அச்சாகி இருக்கும், லண்டன்ல பார்க்காதவங்ககூட அதை வெச்சு ஒத்திகை பார்த்துடலாம். நன்னம்பிக்கை முனையைச் சுத்தி வர்ற பாய்மரக் கப்பல்ல அது இங்க வந்து சேர நாலஞ்சு மாசம் ஆகும், 1840கள் தொடக்கத்துல சூயஸ் வழியா நீராவிக் கப்பல் வந்ததும் அது பாதிக்கும் கீழ குறைஞ்சது. 1833ல லண்டன்ல நாடக ஆசிரியர்களுக்கு நடிப்புரிமைச் சட்டம் வந்துச்சு, அது பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளுக்கும் பொருந்தும்னுதான் எழுதியிருக்கு. ஆனா பார்க் ஸ்ட்ரீட்ல நடந்ததுக்கு எலிசா பிளாஞ்சே கைக்கு ஒரு ஷில்லிங்காவது போயிருக்கும்னு நான் நம்பல. இது என் அனுமானம்தான், சட்டம் கடல் தாண்டினாலும் வசூல் பண்ற ஆள் தாண்டினதா எனக்குத் தோணல.

இது கல்கத்தாவுக்கு மட்டும் உண்டான விஷயம் இல்ல. சிட்னியில முதல் தொழில்முறை நாடக ராத்திரின்னு சொல்லப்படுற 1832 டிசம்பர் 26ம் தேதிகூட 'பிளாக் ஐட் சூசன்'ங்கற மெலோடிராமா, அதுக்கப்புறம் 'மான்சியூர் டான்சன்'ங்கற காமெடி, இப்படித்தான் நடந்துச்சு. கொஞ்ச வருஷம் கழிச்சு 1847ல லண்டன் லைசியம்ல வந்த 'பாக்ஸ் அண்ட் காக்ஸ்' இந்த வகையிலயே பெரிய வெற்றி. ஒருத்தன் ராத்திரி ஷிஃப்ட் அச்சகத் தொழிலாளி, இன்னொருத்தன் பகல்ல தொப்பி செய்யிறவன், வீட்டுக்காரம்மா ஒரே ரூமை ரெண்டு பேருக்கும் தெரியாம வாடகைக்கு விட்டு ரெண்டு வாடகை வாங்குறாங்க. மூணே பாத்திரம், ஒரே ரூம். 1866ல இதைப் பாட்டு நாடகமா மாத்தினப்ப, ஆம்பளைங்க மட்டும் கூடின ஒரு வீட்டு விருந்துக்காக வீட்டுக்காரம்மாவையே ஒரு சார்ஜென்ட்டா மாத்திட்டாங்க, நாடகத்துக்கு ஒண்ணும் ஆகல. பெண் கிடைக்காத படை முகாமுக்கும் கப்பலுக்கும் இந்த மாதிரி நாடகம் எவ்வளவு வசதின்னு புரியுதா. அந்தப் பேர் இன்னிக்கும் நிக்குது, 'ஹேண்ட்ஸம் ஹஸ்பண்ட்' நிக்கல, அதை யாராவது ஞாபகம் வெச்சிருந்தா அது விபத்தால மட்டும்தான்.

சரி, அந்த ராத்திரி. 1843 நவம்பர் 2. பெரிய நாடகம் 'மெர்ச்சன்ட் ஆஃப் வெனிஸ்', லண்டன்லேர்ந்து வந்த ஜேம்ஸ் வைனிங் ஷைலாக், அவரைப் பார்க்கத்தான் கூட்டம். அது முடிஞ்சு 'ஹேண்ட்ஸம் ஹஸ்பண்ட்'. மிசஸ் லீச் தன் நுழைவுக்காக விங்ஸ்ல, அதாவது மேடைக்குப் பக்கவாட்டு மறைவுல, காத்திட்டு நின்னாங்க, அங்க இருந்த எண்ணெய் விளக்குலேர்ந்து பாவாடையில தீ பத்திக்கிச்சு. தீயோடயே மேடைக்கு ஓடி வந்தாங்க, அணைச்சாங்க, ஆனா காயம் ரொம்ப ஆழம். நவம்பர் 18ல இறந்துட்டாங்க. 34 வயசு. இவ்வளவும் நிச்சயம். ஷேக்ஸ்பியர் நடக்கும்போதுன்னு எழுதுறவங்க அந்த ராத்திரியோட முதல் பாதியைச் சொல்றாங்க, மேடை நடுவுல வசனம் பேசும்போதே எரிஞ்சாங்கன்னு சொல்றது மட்டும் பின்னாடி சேர்ந்த மிகைன்னு நான் நினைக்கிறேன், விங்ஸ்ங்கறதுதான் எல்லா விதத்துலயும் பொருந்துது.

ஏன் பொருந்துதுன்னு லைட்டிங் பண்ணவனா சொல்றேன். கல்கத்தாவுக்கு கேஸ் விளக்கு வந்தது 1857ல. அதுக்கு முன்னாடி மேடை முழுக்க எண்ணெய்தான், முன் விளிம்புல ஒரு வரிசை விளக்கு, அப்புறம் ஒவ்வொரு விங்ஸுக்குப் பின்னாடியும் பக்க வெளிச்சத்துக்குத் தனி விளக்கு, ஆடியன்ஸுக்குத் தெரியாம மறைச்சு வெச்சிருப்பாங்க, அதாவது நடிகர் நின்னு காத்திருக்கிற அதே இடத்துல. நுழையப் போறவங்க கண்ணு மேடையில, காது எதிராளி வசனத்துல இருக்கும், கீழ பாக்க மாட்டாங்க. 1840கள் ஃபேஷன் பாவாடை கீழ நல்லா விரிஞ்சிருக்கும், உள்ள கஞ்சி போட்டு விறைப்பாக்கின உள்பாவாடை பல அடுக்கு. மஸ்லின் மாதிரி மெல்லிசு துணியா இருந்தா இன்னும் மோசம், அடுக்குக்கு நடுவுல காத்து நிக்கும், ஓரத்துல பிடிச்சா மேல வரைக்கும் ஒரே இழுப்புல போயிடும், தீப்பிடிச்சவங்க ஓடினா இன்னும் வேகமா ஏறும். இதே மாதிரி அடுத்த வருஷம் டிசம்பர்ல லண்டன் ட்ரூரி லேன்லயே கிளாரா வெப்ஸ்டர்ங்கற டான்சர் உடையில தீப்பிடிச்சு செத்தாங்க, 1862ல பாரிஸ்ல எம்மா லிவ்ரிக்கு ஒத்திகையில பிடிச்சது, அவங்க எட்டு மாசம் கஷ்டப்பட்டு இறந்தாங்க. அதனால கல்கத்தாவுல தியேட்டரை ஒழுங்கா பாத்துக்கலன்னு நினைக்க வேண்டாம், எல்லா ஊர்லயும் மேடை இப்படித்தான் இருந்துச்சு. விலை கொடுத்தது பெரும்பாலும் பெண்கள்தான், ஏன்னா அகலப் பாவாடை போட்டது அவங்கதான். இந்த ஒரு விஷயத்துல மட்டும் காமெடியோட வகையும் கொஞ்சம் சம்பந்தப்படுது, அன்னிக்குத் தெருவுல போட்ட உடையோட நடக்குற நாடகம்னா அன்னிக்கு ஃபேஷன் பாவாடைதானே.

அவங்களுக்கு அப்புறம் சான் சூசி பழைய நிலைக்கு வரல. ஆனா ஒரு நல்ல தொடர்ச்சி இருக்கு. 1848 ஆகஸ்ட்ல சான் சூசி பேர்ல நடந்த 'ஒத்தெல்லோ'வுல ஒத்தெல்லோவா நடிச்சது ஒரு வங்காளி, வைஷ்ணவ் சரண் ஆட்யா, டெஸ்டிமோனாவா நடிச்சது மிசஸ் ஆண்டர்சன், எஸ்தர் லீச்சோட பொண்ணு. வெள்ளைக்காரப் பெண்ணும் இந்திய நடிகரும் ஜோடியா நிக்கிறது அன்னிக்கு ஊரையே பேச வெச்ச விஷயம்.

இங்கிலீஷ் குட்டி காமெடிதான் நமக்கு குட்டி காமெடியையே கத்துக்கொடுத்துச்சான்னு கடைசியா கேட்டிருக்கீங்க. அப்படி எழுதுறவங்களை நான் ஏத்துக்கறதில்ல. ஒரே அங்கத்துல நகைச்சுவைங்கறது சமஸ்கிருதத்துல பிரகசனமா ஏற்கனவே இருந்தது, அதுல நமக்குக் கிடைச்ச பழசுல ஒண்ணான 'மத்தவிலாசம்' எழுதினதே காஞ்சிபுரத்துல ஆண்ட மகேந்திரவர்ம பல்லவன், ஏழாம் நூற்றாண்டு. மைக்கேல் மதுசூதன் தத் 1860ல ரெண்டு நகைச்சுவை நாடகம் எழுதினப்ப அவரு இங்கிலீஷும் படிச்சிருந்தாரு, சமஸ்கிருத நாடக மரபையும் அறிஞ்சிருந்தாரு. இங்கிலீஷ் மேடைகிட்டேர்ந்து நிச்சயமா வந்ததுன்னு நான் சொல்றது நிகழ்ச்சியை அடுக்குற முறை, அதாவது பெரிய நாடகத்துக்குப் பின்னாடி சின்ன காமெடி வெக்கிற பழக்கம். பம்பாய் கிராண்ட் ரோடு தியேட்டர்ல 1853 அக்டோபர்ல பார்சி நாடக மண்டலி முதல்ல ருஸ்தம் சொராப் கதை போட்டு அதுக்கப்புறம் ஒரு காமெடி போட்டாங்க, சான் சூசி போஸ்டரோட அதே அமைப்பு. அந்தச் சங்கிலியில 'ஹேண்ட்ஸம் ஹஸ்பண்ட்'டுக்குன்னு தனி இடம் இருக்குன்னு சொல்ல மாட்டேன், அது மாதிரி நூத்துக்கணக்குல இருந்ததுல ஒண்ணு அது.

உங்க கிளப்ல போடலாமான்னா, தாராளமா போடலாம், எலிசா பிளாஞ்சே இறந்து நூத்தி எழுபது வருஷத்துக்கு மேல ஆச்சு, காப்பிரைட் பிரச்சினை கிடையாது. டிஜிட்டல் லைப்ரரிகள்ல தேடும்போது மிசஸ் பிளாஞ்சேன்னும் தேடுங்க, புருஷன் பேர்லயும் தேடுங்க, இல்லன்னா தவற விட்டுடுவீங்க. பழைய நடிப்புப் பதிப்பு கிடைச்சா அதுல இருக்கிற மேடைக் குறிப்பை அப்படியே பின்பற்ற வேண்டாம், வலது இடது எல்லாம் நடிகர் பார்வையில எழுதியிருக்கும், முதல் ஒத்திகையிலயே பசங்க குழம்பிடுவாங்க, அதனால முதல்லயே ஒரு படம் வரைஞ்சு ஒட்டிடுங்க. வசனம் வேகமா போகணும், நிறுத்தி நிறுத்திப் பேசினா இந்த வகை நாடகம் செத்துடும். நிஜ விளக்கு எதுவும் வேண்டாம், எல்இடி போதும், விங்ஸ்ல ஒயரை டேப் போட்டு ஒட்டுங்க, நீளப் பாவாடை போட்ட பொண்ணுங்களுக்கு அங்க நடக்க ஒரு ஆள் அகலத்துக்கு மேல இடம் விடுங்க. நோட்டீஸ்ல ஆசிரியர் பேரை எலிசா பிளாஞ்சேன்னே போடுங்க.